மதிப்பெண் மட்டும் போதாது, காரணமும் வேண்டும்

வேலையிட நியாயச் சட்டத்தைப் பற்றி நண்பர்களிடம் பேச்செடுத்தால், "ஆள் எடுக்கும்போது இனம், வயது பார்க்கக்கூடாது என்ற சட்டம்தானே?" என்ற பதில்தான் பெரும்பாலும் வருகிறது. அது பாதிதான் சரி. வேலையில் சேர்வது ஒரு நாளில் முடிந்துவிடும். அதன் பிறகு முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு, ஆண்டுதோறும் யாரோ ஒருவர் நம் வேலையை எடைபோட்டு ஏ, பி, சி என ஓர் எழுத்தைத் தருவார். சம்பள உயர்வு, போனஸ், பதவி உயர்வு, பயிற்சி வாய்ப்பு எல்லாம் அந்த எழுத்தைப் பொறுத்தே அமையும். ஆட்குறைப்பு வந்தால் யார் பெயர் முதலில் பட்டியலில் ஏறும் என்பதையும் அந்த எழுத்தே முடிவு செய்யக்கூடும்.

இன்னும் ஓரிரு ஆண்டுகளில் வேலைக்குச் செல்லவிருக்கும் உளவியல் மாணவியாக நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். ஊழியரை மதிப்பிடும் நிறுவனம், அந்த மதிப்பீட்டுக்கான காரணத்தை அவருக்கு எழுத்தில் தர வேண்டும். முடிவெடுக்கும் முன் அவர் தரப்பையும் கேட்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் புதிய சட்டம் தரும் பாதுகாப்பும் பெருமளவு ஏட்டளவிலேயே நின்றுவிடும் என்று அஞ்சுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

வேலையிட நியாயச் சட்டத்தின் முதல் மசோதாவை நம் நாடாளுமன்றம் 2025 ஜனவரியில் நிறைவேற்றியது. பூசல்களை எப்படித் தீர்ப்பது என்பதைப் பற்றிய இரண்டாவது மசோதா அதே ஆண்டு நவம்பரில் நிறைவேறியது. 2027ஆம் ஆண்டு இறுதிக்குள் சட்டத்தை நடப்புக்குக் கொண்டுவருவது அரசாங்கத்தின் திட்டம்.

வயது, நாட்டுரிமை, பாலினம், திருமண நிலை, கர்ப்பம், குடும்பப் பராமரிப்புப் பொறுப்பு, இனம், சமயம், மொழித்திறன், உடற்குறை, மனநலம் ஆகியவற்றின் அடிப்படையில் ஊழியருக்குப் பாதகமான முடிவெடுப்பதை இச்சட்டம் தடைசெய்கிறது. வேலைக்கு எடுப்பது, வேலையில் இருக்கும் காலம், வேலையிலிருந்து நீக்குவது ஆகிய மூன்று கட்டங்களுக்கும் இது பொருந்தும். செயல்திறன் மதிப்பீடும் பதவி உயர்வும் இரண்டாம் கட்டத்தில் அடங்கும். ஊழியரின் மனக்குறையை விசாரிக்க நிறுவனங்கள் முறையான ஏற்பாடு வைத்திருக்க வேண்டும். புகார் செய்தவரைப் பழிவாங்குவதும் தடைசெய்யப்படுகிறது.

2006ல் முத்தரப்புக் கூட்டணி அமைக்கப்பட்டது முதல் வழிகாட்டி நெறிமுறைகளாக மட்டும் இருந்தவை இப்போது சட்டமாகின்றன. இது பெரிய முன்னேற்றம். மனிதவள அமைச்சின் ஆய்வுகளின்படி, வேலையிடத்தில் பாரபட்சத்தை எதிர்கொண்டதாகச் சொன்ன ஊழியர்களின் விகிதம் 2022ல் 8.2 விழுக்காடாக இருந்து 2023ல் 6 விழுக்காடாகக் குறைந்தது. நிலைமை சீராகி வருகிறது என்பதில் ஐயமில்லை.

ஆனால் சட்டம் கேட்கும் கேள்வியைக் கவனியுங்கள். "இந்த முடிவு இனத்தாலோ வயதாலோ எடுக்கப்பட்டதா?" என்று அது கேட்கிறது. சி வாங்கிய ஊழியரின் மனத்தில் எழும் முதல் கேள்வி அதைவிட எளிமையானது: "எனக்கு ஏன் சி?" இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாதபோது முதல் கேள்விக்கு எப்படிப் பதில் கண்டுபிடிப்பது?

வேலைக்கு ஆள் எடுப்பதில் உள்ள பாரபட்சத்தையாவது ஆய்வாளர்களால் அளக்க முடிகிறது. மரியான் பெர்ட்ரான்டும், தமிழ்நாட்டில் பிறந்தவரான செந்தில் முல்லைநாதனும் 2004ல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. பாஸ்டன், சிகாகோ நகரங்களில் வந்த வேலை விளம்பரங்களுக்கு அவர்கள் ஏறத்தாழ 5,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதிகளில் வேறுபாடு இல்லாதபடி பார்த்துக்கொண்டு, பெயர்களை மட்டும் மாற்றினார்கள். வெள்ளையருக்குரிய பெயர் இருந்த விண்ணப்பங்களுக்கு, கறுப்பினத்தவருக்குரிய பெயர் இருந்தவற்றைவிட ஏறக்குறைய 50 விழுக்காடு கூடுதலான அழைப்புகள் வந்தன.

ஓர் அலுவலகத்துக்குள் இப்படிச் சோதனை செய்ய வழியில்லை. அதே வேலையை அதே தரத்தில் செய்துவிட்டு வேறு பெயரோடு அமர்ந்திருக்கும் இரட்டையர் யாருக்கும் கிடையாது. அங்கே ஊழியரின் கையில் இருக்கக்கூடிய ஒரே சான்று, முடிவுக்கான காரணம்தான்.

மதிப்பிடுபவரும் மனிதர்தான்

மேலாளர்கள் தீயவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மனிதரை மனிதர் மதிப்பிடுவது இயல்பிலேயே கடினமான வேலை என்பதை உளவியல் நூறாண்டுகளாகச் சொல்லி வருகிறது.

1920ல் எட்வர்ட் தோர்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர், ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருந்தவர்களுக்குத் தந்த மதிப்பீடுகளை ஆராய்ந்தார். உடல்தோற்றம், அறிவுக்கூர்மை, தலைமைத்துவம், குணநலன் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மதிப்பெண். ஆனால் ஒன்றில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர் நம்ப முடியாத அளவுக்கு மற்ற எல்லாவற்றிலும் உயர்ந்தே இருந்தார். அதிகாரிகள் ஆளைப் பற்றிய ஒட்டுமொத்த எண்ணத்தையே எல்லாக் கட்டங்களிலும் நிரப்பியிருந்தார்கள். இதை ஒளிவட்ட விளைவு என்கிறோம். கூட்டங்களில் சரளமாகப் பேசுபவருக்கு, கணக்கு வழக்கைச் சரியாக வைத்திருப்பதிலும் கூடுதல் மதிப்பெண் விழுவது இதனால்தான்.

அண்மைய நிகழ்வுகள் மட்டும் மனத்தில் நிற்பது இன்னொரு சிக்கல். மார்ச் மாதம் இரவு பகலாக உழைத்து ஒரு திட்டத்தைக் காப்பாற்றியவரைவிட, நவம்பரில் ஒரு மின்னஞ்சலைத் தவறாக அனுப்பியவர்தான் டிசம்பரில் நினைவுக்கு வருவார்.

2000ஆம் ஆண்டில் ஸ்கல்லன், மவுன்ட், காஃப் என்ற மூன்று ஆய்வாளர்கள் 4,000க்கும் மேற்பட்ட மேலாளர்கள் பெற்ற மதிப்பெண்களை அலசினார்கள். ஒவ்வொருவரையும் மேலதிகாரிகள், சக ஊழியர்கள், கீழே பணிபுரிபவர்கள் எனப் பலர் மதிப்பிட்டிருந்தனர். அந்த மதிப்பெண்களில் காணப்பட்ட வேறுபாடுகளில் பாதிக்கும் மேற்பட்டதற்கு மதிப்பிட்டவரின் தனிப்பட்ட போக்கே காரணம் என்று தெரியவந்தது. மதிப்பிடப்பட்டவரின் உண்மையான செயல்திறனுக்கு இருந்த பங்கு அதைவிடக் குறைவு. எளிமையாகச் சொன்னால், என் மதிப்பீட்டுத் தாள் என்னைப் பற்றிச் சொல்வதைவிட என் மேலாளரைப் பற்றி அதிகம் சொல்லக்கூடும்.

அப்படியானால் கணினியிடம் விட்டுவிடலாமே என்று சிலர் கேட்கலாம். அமேசான் நிறுவனம் விண்ணப்பங்களைத் தரம் பிரிக்க உருவாக்கிய செயற்கை நுண்ணறிவுக் கருவி பெண்களின் விண்ணப்பங்களுக்கு மதிப்பைக் குறைத்தது என்று 2018ல் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. கடந்த காலத்தில் பெரும்பாலும் ஆண்களே அனுப்பிய விண்ணப்பங்களைப் பார்த்து அது பாடம் கற்றிருந்தது. அமேசான் அக்கருவியைக் கைவிட்டது. நேற்றைய தீர்ப்புகளை ஊட்டினால் நாளையும் அதே தீர்ப்புகள்தான் வரும். காரணம் சொல்லத் தெரியாத மேலாளரின் இடத்தில் காரணம் சொல்லத் தெரியாத இயந்திரத்தை வைப்பதில் என்ன பயன்?

கிடைத்தது என்ன, எப்படிக் கிடைத்தது?

நியாயம் என்றால் என்ன என்பதை வேலையிட உளவியல் முதலில் பங்கீட்டின் வழியாகவே பார்த்தது. நான் தந்த உழைப்புக்கும் பெற்ற பலனுக்கும் உள்ள விகிதத்தைப் பக்கத்து மேசைக்காரரின் விகிதத்தோடு ஒப்பிட்டு, அது சமமாக இல்லையெனில் நான் மனம் குமைவேன் என்றார் ஜான் ஸ்டேசி ஆடம்ஸ். அது 1960களின் கருத்து.

1975ல் ஜான் திபோ என்ற உளவியலாளரும் லாரன்ஸ் வாக்கர் என்ற சட்டப் பேராசிரியரும் கதையை மாற்றினார்கள். வழக்குகளைப் போன்ற சூழல்களை அமைத்து ஆராய்ந்ததில், தம் தரப்பை எடுத்துச் சொல்ல வாய்ப்புக் கிடைத்தவர்கள், தீர்ப்பு தமக்குப் பாதகமாக வந்தபோதுகூட விசாரணை நியாயமாக நடந்ததாகக் கருதினார்கள். முடிவு மட்டுமன்றி அதை எட்டிய வழிமுறையும் மனிதர்களுக்கு முக்கியம் என்பது தெளிவானது. இதை நடைமுறை நியாயம் என்கிறோம்.

1980ல் ஜெரால்ட் லெவன்தால் நியாயமான வழிமுறைக்கு ஆறு அளவுகோல்களைத் தொகுத்துத் தந்தார். எல்லாரிடமும் ஒரே சீராக நடப்பது. சொந்த விருப்பு வெறுப்பைத் தள்ளிவைப்பது. சரியான தகவலை அடிப்படையாகக் கொள்வது. தவறிருந்தால் திருத்த இடம் தருவது. பாதிக்கப்படுவோரின் கருத்தைச் சேர்த்துக்கொள்வது. ஒழுக்கநெறிக்கு உட்பட்டு நடப்பது. பெரிய செலவு பிடிக்கும் எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை.

வழிமுறையைப் பொருட்படுத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜெரால்ட் கிரீன்பர்க் 1990ல் வெளியிட்ட ஆய்வு நல்ல பாடம். அமெரிக்க உற்பத்தி நிறுவனம் ஒன்று, ஒப்பந்தங்களை இழந்ததால் தன் இரண்டு தொழிற்சாலைகளில் பத்து வாரங்களுக்குச் சம்பளத்தை 15 விழுக்காடு குறைத்தது. ஒரு தொழிற்சாலையில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கூட்டம் நடத்தி, ஏன் இந்த முடிவு என்பதை விளக்கி, வருத்தம் தெரிவித்து, கேள்விகளுக்குப் பதிலும் சொன்னார்கள். இன்னொன்றில் கால் மணி நேரத்தில் அறிவித்துவிட்டுப் போய்விட்டார்கள். சம்பளக் குறைப்பு இரண்டிடத்திலும் ஒன்றுதான். ஆனால் காரணம் சரியாகச் சொல்லப்படாத தொழிற்சாலையில்தான் பொருள்கள் திருட்டுப்போவது மிக அதிகமாக உயர்ந்தது. வேலையை விட்டு விலகியவர்களும் அங்கேயே அதிகம்.

செயல்திறன் மதிப்பீட்டையே நேரடியாகச் சோதித்த ஆய்வும் இருக்கிறது. சூசன் டெய்லரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1995ல் வெளியிட்டது அது. அமெரிக்க மாநில அரசு அமைப்பு ஒன்றில் சில மேலாளர்களும் ஊழியர்களும் பழைய முறையிலேயே தொடர்ந்தார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மற்றவர்கள் புதிய முறைக்கு மாறினார்கள். அதில் மூன்று விதிகள் இருந்தன. எதை வைத்து மதிப்பிடுவோம் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஊழியரின் தரப்பைக் கேட்க வேண்டும். சான்றுகளின் அடிப்படையில் முடிவெடுக்க வேண்டும்.

புதிய முறையில் ஊழியர்களுக்குக் கிடைத்த மதிப்பெண்கள் பழைய முறையைவிடக் குறைவு. ஆனாலும் அவர்கள்தான் மதிப்பீடு நியாயமானது, துல்லியமானது என்றார்கள். மேலாளர்மீது நல்லெண்ணம் கொண்டார்கள். அந்த வேலையில் தொடரவும் கூடுதலாக விரும்பினார்கள். மேலாளர்களுக்கும் இந்த முறையே அதிக மனநிறைவு தந்தது. நல்ல பெயர் வாங்குவதற்காக எல்லாருக்கும் மதிப்பெண்ணை அள்ளித் தருவதுதான் ஊழியரை மகிழ்விக்கும் வழி என்று நினைக்கும் மேலாளர்கள் இந்த ஒரு முடிவையாவது படித்துப் பார்க்க வேண்டும்.

இதை வகுப்பில் படித்தபோது எனக்கு என் சித்தியின் நினைவு வந்தது. அவர் ஒரு நிறுவனத்தின் கிடங்கு அலுவலகத்தில் பல ஆண்டுகளாகப் பொருள் இருப்புக் கணக்கைப் பார்க்கிறார். ஆண்டுதோறும் மதிப்பீடு என்பது அவருக்கு இரண்டு நிமிட வேலை. "இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்பார்கள், போட்டுவிட்டு வருவார். எழுத்து பெரும்பாலும் சி. ஏன் என்று கேட்டதில்லை. கேட்டால் 'பிரச்சினை பண்ணும் ஆள்' என்ற பெயர் வந்துவிடுமோ என்ற அச்சம்தான் காரணம்.

ஒரு முறை புதிதாக வந்த மேற்பார்வையாளர் அவரை உட்கார வைத்து அரைமணி நேரம் பேசினார். எந்தெந்த மாதங்களில் கணக்கு ஒத்துவரவில்லை என்று தாளில் காட்டினார். அதில் ஒன்று தன் தவறில்லை, சரக்கு இறக்கிய பிரிவின் பதிவுத் தவறு என்று சித்தி சொன்னதைச் சரிபார்த்து அடித்துவிட்டார். புதிய மென்பொருளைக் கற்றுக்கொண்டால் அடுத்த ஆண்டு மேலே வரலாம் என்றார். அந்த ஆண்டும் சித்திக்குக் கிடைத்தது சிதான். ஆனால் "இப்பதான் எனக்கு என்ன செய்யணும்னு தெரியுது" என்று அவர் சொன்னார். மென்பொருள் வகுப்பில் சேர்ந்ததும் அதற்குப் பிறகுதான்.

சந்தேகம் என்ற சுமை

நம்மைப் போன்ற சிறுபான்மையினருக்குக் காரணம் சொல்லப்படுவது இன்னும் முக்கியம் என்று நான் கருதுவதற்குத் தனிக் காரணம் உண்டு.

காரணம் சொல்லாமல் குறைந்த மதிப்பெண் தரப்பட்டால், பெரும்பான்மை இனத்தவர் "மேலாளருக்கு என்னைப் பிடிக்கவில்லை" என்று நினைத்துக்கொள்வார். அதே நிலையில் இருக்கும் தமிழருக்கு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்ளும்: "நான் இந்தியர் என்பதாலா?" ஒருவேளை அது உண்மையாக இருக்கலாம், அப்படியென்றால் நிரூபிக்க அவரிடம் எதுவும் இல்லை. ஒருவேளை அது பொய்யாக இருக்கலாம். அப்படியென்றால் தேவையில்லாத கசப்பைச் சுமந்துகொண்டு அடுத்த ஆண்டும் அதே மேலாளரிடம் வேலை செய்கிறார். இரண்டில் எது என்று தெரியாமல் இருப்பதே ஒரு தண்டனை.

ஜெனிஃபர் குரோக்கரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1991ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் தடுமாற்றத்தைக் காட்டியது. கறுப்பின மாணவர்களுக்கு வெள்ளையர் ஒருவர் மதிப்பீடு தருவதாக ஏற்பாடு. மதிப்பிடுபவருக்குத் தங்கள் இனம் தெரியும் என்று மாணவர்கள் அறிந்திருந்தபோது, மோசமான மதிப்பீட்டுக்குப் பாரபட்சமே காரணம் என்று கருதினார்கள். ஆனால் நல்ல மதிப்பீடு வந்தபோதும் அதை அவர்களால் முழுமையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அது அவர்களின் தன்மதிப்பை உயர்த்தவில்லை. பாராட்டையும் சந்தேகிக்க வேண்டிய நிலை எவ்வளவு பெரிய இழப்பு என்பதை எண்ணிப் பாருங்கள். "இந்த மூன்று வேலைகளை இப்படிச் செய்ததால் உங்களுக்கு ஏ" என்று எழுதித் தந்தால், அந்தப் பாராட்டை மனநிறைவோடு ஏற்க முடியும்.

நேர்மையான மேலாளரையும் இதே ஏற்பாடுதான் காப்பாற்றும். நாளை யாராவது அவர்மீது புகார் செய்தால், அவர் ஆண்டு முழுவதும் எழுதி வைத்த குறிப்புகள் அவருக்காகப் பேசும்.

பெல் கர்வுக்குள் ஆறு பேர்

காரணம் சொல்ல முடியாமல் போவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. பல நிறுவனங்களில் இத்தனை விழுக்காட்டினருக்குத்தான் ஏ, இத்தனை விழுக்காட்டினருக்குக் கட்டாயம் சி என்று முன்கூட்டியே பங்கு வகுத்துவிடுகிறார்கள். பல்கலைக்கழகத்தில் நாம் புலம்பித் தீர்க்கும் அதே பெல் கர்வ்தான்.

நூற்றுக்கணக்கான மாணவர்கள் படிக்கும் பாடத்தில் அதற்குப் புள்ளியியல் நியாயம் ஓரளவு இருக்கலாம். ஆறு பேர் கொண்ட பிரிவில் அது எப்படிப் பொருந்தும்? ஆறு பேரும் நன்றாக உழைத்தாலும் ஒருவர் கீழே தள்ளப்பட வேண்டும். பிறகு அவருக்குச் சொல்ல ஒரு காரணத்தைத் தேட வேண்டும். முடிவு முதலில், காரணம் பிறகு என்ற இந்த வரிசையில் உண்மை தொலைந்துபோகிறது. கூடவே, பக்கத்தில் இருப்பவருக்கு உதவினால் நம் இடம் பறிபோகுமே என்ற எண்ணமும் வளர்கிறது.

ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் ஜாக் வெல்ச் இம்முறையை உலகப் புகழ்பெறச் செய்தார். ஆண்டுதோறும் கடைசி 10 விழுக்காட்டினர் வேலையை இழக்கும் அபாயத்தில் இருந்தார்கள். மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் பல ஆண்டுகள் இத்தகைய முறையைப் பின்பற்றிவிட்டு, 2013 நவம்பரில் அதைக் கைவிட்டது.

இந்த மாற்றத்தை நாம் வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. என் வயதினர் பிஎஸ்எல்இ எனும் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வை எழுதியபோது, மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் டி-ஸ்கோர் முறை இருந்தது. 2021 முதல் அது மாறிவிட்டது. இப்போது மற்றவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதைப் பொருட்படுத்தாமல், மாணவர் எட்டிய தரத்துக்கு ஏற்ப அடைவுநிலை தரப்படுகிறது. 12 வயதுப் பிள்ளையை அடுத்த பிள்ளையோடு ஒப்பிடுவதைக் குறைக்க வேண்டும் என்று ஒரு நாடாக முடிவெடுத்த நாம், 45 வயது ஊழியருக்கு மட்டும் அதே ஒப்பீட்டைத் தொடர்வது முரண்பாடாக இல்லையா?

போனஸ் தொகைக்கு வரம்பு உண்டு, எல்லாருக்கும் ஏ தர முடியாது என்று நிறுவனங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அப்படியென்றால் அதை வெளிப்படையாகச் சொல்லட்டும். "உங்கள் வேலை நன்றாக இருந்தது, ஆனால் இந்த ஆண்டு இரண்டு பேருக்குத்தான் ஏ தர முடிந்தது" என்பது கசப்பான உண்மை. ஆனால் இல்லாத குறையைக் கண்டுபிடித்துச் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல்.

கேட்பதுபோல் நடிப்பது தீர்வாகாது

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றையும் பார்க்க வேண்டும்.

நியாயமான வழிமுறை இருந்தால் குறைந்த மதிப்பெண்ணையும் மக்கள் ஏற்றுக்கொள்கிறார்கள் என்றால், நிறுவனங்கள் அதை ஓர் உத்தியாகப் பயன்படுத்தி ஊழியரை வாயடைக்கச் செய்யலாமே? இந்த ஆபத்து உண்மையானது. நியாயமாக இருப்பது வேறு, நியாயமாகத் தெரிவது வேறு என்று கிரீன்பர்க்கே எச்சரித்திருக்கிறார். படிவத்தில் 'ஊழியர் கருத்து' என்று ஒரு கட்டம் இருக்கும். ஆனால் மதிப்பெண் அதற்கு முந்தைய வாரமே மனிதவளப் பிரிவுக்குப் போயிருக்கும். அது கேட்பது ஆகாது. தங்கள் சொல்லுக்கு மதிப்பே இல்லை என்று தெரிந்துகொண்ட ஊழியர்கள், பேசவே விடாதபோது இருந்ததைவிட அதிகமாக வெறுப்படையக்கூடும் என்பதை ராபர்ட் ஃபோல்கர் போன்றோரின் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே ஊழியரின் பதில் மதிப்பெண் முடிவாவதற்கு முன்பே வாங்கப்பட வேண்டும். பதில் சரியாக இருந்தால் மதிப்பெண் மாறக்கூடிய வாய்ப்பும் உண்மையாகவே இருக்க வேண்டும்.

சிறு நிறுவனங்களுக்கு இதற்கெல்லாம் நேரமில்லை என்பது இன்னொரு வாதம். 25க்கும் குறைவான ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்குப் புதிய சட்டத்திலிருந்து முதல் ஐந்தாண்டுகளுக்கு விலக்கு உண்டு. நம்மவர் பலர் வேலை செய்யும் கடைகளும் உணவகங்களும் துணைக்கல்வி நிலையங்களும் இந்தப் பிரிவில் வரக்கூடும். ஆனால் பத்துப் பேர் உள்ள கடையில் மனிதவளப் பிரிவு தேவையில்லை. முதலாளி ஆண்டுக்கு ஒரு முறை ஒவ்வொருவரோடும் அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும். பத்துப் பேருக்கு மொத்தம் ஐந்து மணி நேரம். நல்ல ஊழியர் ஒருவர் விலகிவிட்டால் மாற்று ஆள் தேட ஆகும் நேரத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

என்ன செய்யலாம்?

நிறுவனங்களிடம் நான் எதிர்பார்ப்பவை ஐந்து. ஆண்டுத் தொடக்கத்திலேயே அளவுகோல்களை எழுத்தில் தருவது. டிசம்பர் நினைவை நம்பாமல் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது குறிப்பெடுப்பது. மதிப்பெண் இடும் முன் ஊழியரின் தரப்பைக் கேட்பது. முடிவோடு சேர்த்து இரண்டு, மூன்று வரியாவது காரணம் எழுதித் தருவது. உடன்பாடு இல்லையெனில் அதே மேலாளர் அல்லாத இன்னொருவரிடம் முறையிட வழி வைப்பது. மனக்குறையை விசாரிக்கும் ஏற்பாட்டைச் சட்டம் எப்படியும் கட்டாயமாக்கப்போகிறது. அதை அமைக்கும்போதே மற்ற நான்கையும் சேர்த்துக்கொண்டால், புகார் என்ற கட்டத்துக்கே போகாமல் பல மனக்குறைகள் தீர்ந்துவிடும்.

மனிதவள அமைச்சும் முத்தரப்புக் கூட்டணியும் சட்டம் நடப்புக்கு வரும் முன் நிறுவனங்களுக்கு வழிகாட்டி வருகின்றன. எழுத்துபூர்வமான காரணம் என்பதை அந்த வழிகாட்டுதலில் அழுத்தமாகச் சேர்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இளையர்களான நமக்கும் இதில் பங்கு உண்டு. வேலைப் பயிற்சிக்குச் செல்லும்போது முதல் வாரத்திலேயே, "என்னை எதை வைத்து மதிப்பிடுவீர்கள்?" என்று பணிவோடு கேட்கலாம். அது திமிரான கேள்வி இல்லை. நன்றாகச் செய்ய விரும்புபவர் கேட்கும் கேள்வி. செய்த வேலைகளை வாரந்தோறும் நான்கு வரியில் குறித்து வைக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு உழைத்தால் உழைப்பு தானாகப் பேசும் என்று வீட்டில் சொல்லித் தந்திருப்பார்கள். உழைப்பு பேச வேண்டுமானால் அதை யாராவது பார்த்திருக்க வேண்டும், எழுதியிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. நாம் ஏற்கெனவே மதிப்பிடுபவர்கள். குழுத் திட்டப்பணி முடிந்ததும் சக மாணவர்களுக்கு மதிப்பெண் இடுகிறோம். நண்பருக்கு ஐந்துக்கு ஐந்து, பேசாமல் இருந்தவருக்கு மூன்று என்று ஒரு நிமிடத்தில் முடித்துவிடுவது எல்லாருக்கும் தெரிந்த பழக்கம். அந்த மூன்று வாங்கியவர் ஒருவேளை இரவெல்லாம் உட்கார்ந்து தரவுகளைச் சரிபார்த்தவராக இருக்கலாம். பல்கலைக்கழகத் தமிழ் மன்றங்களில் அடுத்த ஆண்டின் செயற்குழுவைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதுவே நடக்கிறது. மேடையில் நன்றாகப் பேசுபவர் பொருளாளர் பொறுப்புக்கும் பொருத்தமானவராகத் தெரிகிறார். தோர்ன்டைக் 1920ல் கண்ட அதே பிழைதான்.

பத்து, பதினைந்து ஆண்டுகளில் நம்மில் பலர் மேசையின் மறுபக்கத்தில் அமர்ந்திருப்போம். யாருக்கோ ஏ, யாருக்கோ சி எழுதும் பேனா நம் கையில் இருக்கும். அந்தப் பழக்கத்தை அப்போது தொடங்க முடியாது. இந்தப் பருவத்தின் குழுப்பணி மதிப்பீட்டுப் படிவத்தில், மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் உள்ள காலிக் கட்டத்தில் இரண்டு வரி காரணம் எழுதுவதிலிருந்து தொடங்குவோம்.